வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: குளிர்கால வெயிலின் இதமான சூட்டைக் குறிக்க 'அப்ரிசிட்டி' என்றொரு பழைய ஆங்கிலச் சொல் இருந்ததாகப் படித்தேன். அக்கால மக்கள் அதைப் பேச்சில் பயன்படுத்தினார்களா?

பதில்: அன்றாடப் பேச்சில் அது வேரூன்றவே இல்லை. 1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லும் நீங்கள் குறிப்பிடும் பொருளும் உள்ளன. அந்நாளைய ஆங்கில அகராதிகள் கடினச் சொற்களுக்கே முதன்மை தந்தமையால், லத்தீன் வேரோடு ஆங்கில விகுதியை ஒட்டவைத்த சொற்கள் பல அவற்றில் இடம்பிடித்தன. அவற்றுள் சில ஓர் அகராதியிலிருந்து அடுத்ததற்குக் குடிபெயர்ந்தனவே அன்றி, மக்கள் நாவில் ஏறவில்லை. இணையத்தில் உலவும் 'மறந்துபோன அழகிய சொற்கள்' பட்டியல்களைக் காணும்போது, ஒரு சொல் வழங்கி மறைந்ததா, ஏட்டிலேயே கிடந்ததா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கேள்வி: நாளை மறுநாளைக் குறிக்கும் 'ஓவர்மாரோ'வும் அத்தகையதுதானா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். 1535இல் வெளிவந்த மைல்ஸ் கவர்டேலின் விவிலியத்தில், தோபித்து நூலில், இன்றும் நாளையும் நாளை மறுநாளும் மன்றாடுவோம் என்று கூறும் இடத்தில் அச்சொல் வருகிறது. கவர்டேல் ஜெர்மன், லத்தீன் மொழிபெயர்ப்புகளைத் துணைக்கொண்டவர். இதே அமைப்புள்ள ஜெர்மன் சொல் இன்றும் உயிரோடு உள்ளது.

கேள்வி: ஆங்கில வேதாகமத்தில் கடவுளை 'தௌ' என்று விளிக்கிறார்களே, அது 'யூ'வைவிட மரியாதையான சொல்தானே?

பதில்: நேர்மாறானது. 'தௌ' என்பது நம் 'நீ', 'யூ' பன்மைக்குரியது. பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கால் 13ஆம் நூற்றாண்டு முதல் உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையில் விளிக்கும் பழக்கம் பரவ, 'தௌ' நெருங்கியவர்க்கும் தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர்க்கும் உரியதாயிற்று. 1603இல் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், "உன்னை 'நீ' என்றே சொல்வேன், துரோகியே!" என்று சீறினார், அவர் அங்கே 'தௌ'வை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார். அதே நூற்றாண்டில் குவேக்கர் சமயத்தார் மேலோர் கீழோர் பாராமல் எல்லோரையும் 'தௌ' என்றழைத்துப் பலருடைய சினத்துக்கு ஆளாயினர். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் ஒருமை பன்மை வேறுபாட்டை மட்டுமே கருதியது; ஆதலால் அதில் கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ'. பேச்சில் அச்சொல் மறைந்து வழிபாட்டில் மட்டும் எஞ்சியதால்தான் அதற்கு இப்படியொரு புனிதத் தோற்றம் வந்தது.

கேள்வி: 'செனைட்' என்றால் என்ன?

பதில்: ஏழு இரவுகள், அதாவது ஒரு வாரம். பதினான்கு இரவுகளைச் சுருக்கிப் பிறந்த 'ஃபோர்ட்நைட்' பிரிட்டனில் இன்னும் வழங்குகிறது.

கேள்வி: பெரிய அகராதியில் இருக்கும் சொல்லையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

பதில்: 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டோர்ட்' என்ற சொல்லுக்கு 'அடர்த்தி' என்று பொருள் இருந்தது. பெரிய எழுத்து 'டி' அல்லது சிறிய எழுத்து 'டி' அடர்த்தியின் குறியீடு என்று எழுதப்பட்ட சீட்டில், இரண்டு எழுத்துகளையும் அவற்றுக்கு இடையிலிருந்த 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லையும் ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்ததன் விளைவு அது. அச்சொல்லுக்கு வேர்ச்சொல் விளக்கமே இல்லையே என்று 1939இல் ஒரு பதிப்பாசிரியர் துருவியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.