எம்.ஆர்.ஐ. நார்மல்... அப்புறம் ஏன் தலை சுற்றுகிறது?

கேள்வி: போன வருடம் திடீரென்று கடுமையான தலைசுற்றல், வாந்தி. உள்காது நரம்பில் அழற்சி என்றார்கள், சில வாரங்களில் அது அடங்கிவிட்டது. ஆனால் இன்றுவரை ஒரு நாள்கூடத் தலை தெளிவாக இல்லை. உலகம் சுற்றவில்லை, ஆனால் மிதக்கிற மாதிரி, தரை மெத்தென்று இருக்கிற மாதிரி. எம்.ஆர்.ஐ. நார்மல், காதுப் பரிசோதனையும் நார்மல். "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். நானே கற்பனை செய்துகொள்கிறேனா?

பதில்: இல்லை. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதத்தின் தழும்பு போன்றவை இருந்தால் தெரியும். மூளை தனக்கு வரும் தகவல்களை எப்படி எடைபோடுகிறது என்பது அதில் தெரியாது, உங்கள் பிரச்சினை அங்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நாம் நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது: உள்காது, கண், பிறகு கால், கழுத்து, மூட்டுகளிலிருந்து வரும் உணர்வு. உள்காது ஒன்று திடீரென்று பழுதானால் மூளை அதன் பேச்சை நம்பாமல் கண்ணையும் காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, தசைகளை இறுக்குகிறது, ஒவ்வொரு அடியையும் கவனித்து வைக்கச் சொல்கிறது. அந்த நேரத்துக்கு இது சரியான ஏற்பாடு. காது தேறியதும் (அல்லது மூளை அந்தக் குறையைச் சரிக்கட்டப் பழகியதும்) இதைக் கைவிட வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. சிலருக்கு நடப்பதில்லை. ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர், காய்ந்த தரையிலும் காலை ஊன்றி ஊன்றி விறைப்பாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது, ஆனால் தெரியாமல், மாதக்கணக்கில்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சுருக்கமாக பி.பி.பி.டி. என்பார்கள். உள்காது, சமநிலை ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான பாரானி சொசைட்டி 2017இல் இதற்கான வரையறையை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் கிறுகிறுப்போ தள்ளாட்டமோ இருக்க வேண்டும். நிற்கும்போதும், உடல் அசையும்போதும், கண்முன் அசைவோ நெருக்கமான கோடு, கட்டங்களோ இருக்கும்போதும் அது கூட வேண்டும். வேறொரு நோய் இதைவிடப் பொருத்தமாக இதை விளக்கக் கூடாது. பெயர் புதிது, நோய் புதிதல்ல. 1986இலேயே ஜெர்மன் நரம்பியல் மருத்துவர்கள் பிராண்டும் டீட்டரிச்சும் இதற்கு மிக நெருக்கமான ஒன்றை விவரித்திருக்கிறார்கள். எனவே "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்று: நீங்கள் எழுதியதை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் தலைசுற்றல், இரண்டு காதும் பலவீனமாவது, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் இதைப்போல வேஷம் போடும். நேரில் கேட்டு, பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

கேள்வி: மூளை வேலை செய்வதையே படம்பிடிக்கும் ஸ்கேன் இருக்கிறதாமே. அதை எடுத்தால் எனக்கு என்னவென்று தெரிந்துவிடாதா?

பதில்: நீங்கள் சொல்வது எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையின் ஒரு பகுதி அதிகம் உழைத்தால் அங்கே ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலாகப் பாயும், அந்த மாற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. நரம்பு பேசுவதை நேரடியாகக் கேட்பதில்லை.

ஆய்வுகளில் சுவாரசியமான விஷயங்கள் வந்திருக்கின்றன. பார்வைக்கும் தொடுவுணர்வுக்கும் உள்ளதுபோல உள்காதுக்கென்று மட்டுமே மூளையில் ஒரு தனி இடம் கிடையாது. காதுக்குச் சற்று மேலே, மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலாவின் பின்பகுதியும் அதை ஒட்டிய இடங்களும்தான் முக்கிய மையம், அங்கே கண், தோல், மூட்டுச் செய்திகளும் வந்து சேர்கின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டகாலத் தலைசுற்றல் உள்ளவர்களின் உள்காதை ஒலியால் தூண்டிப் பார்த்தபோது, இந்த மையத்திலும், இடத்தை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸிலும், பயத்தையும் கவனத்தையும் கட்டுப்படுத்தும் சில பகுதிகளிலும் செயல்பாடு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைந்திருந்தது. வேறு ஆய்வுகளில் பார்வைப் பகுதிகளின் இணைப்புகள் மாறியிருந்தன. சேர்த்துப் பார்த்தால் உள்காதின் குரல் தணிந்து, கண்ணின் குரல் ஓங்கியிருக்கிறது என்று படிக்கலாம், நோயாளிகள் சொல்வதோடும் அது பொருந்துகிறது.

ஆனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகள் ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போவதில்லை. மூளை மாறியதால் தலைசுற்றலா, மாதக்கணக்கில் தலைசுற்றலோடு வாழ்ந்ததால் மூளை மாறியதா என்பதை ஒரே ஒரு தடவை எடுத்த படம் சொல்லாது. அதோடு, நிற்கும்போது கூடுகிற ஒரு நோயை அசையாமல் மல்லாந்து படுக்கவைத்து ஆராய்கிறோம்! இன்னொரு வேடிக்கை: ஸ்கேனரின் காந்தமே உள்காதைத் தூண்டும். அதன் திரவத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தள்ளிவிடுகிறது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்குக்கூட வலுவான காந்தத்துக்குள் இருட்டில் கண்கள் தானாக ஒரு பக்கம் நகர்ந்து திரும்புவதை 2011இல் பதிவு செய்திருக்கிறார்கள், உள்காது செயலிழந்தவர்களுக்கு அது வரவில்லை.

அதனால் பல பேரின் சராசரியில் தெரியும் வித்தியாசத்தை வைத்து உங்கள் ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. இந்த ஸ்கேனை எடுத்துப் பி.பி.பி.டி.யை உறுதி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் உட்கார்ந்திருந்தால் சமாளிக்கிறேன். பெரிய கடைக்குள் போனால், செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் தலை கிறுகிறுக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் யாரோடாவது ஆர்வமாகப் பேசிக்கொண்டு நடக்கும்போது மறந்தே போகிறது!

பதில்: இந்த இரண்டாவது விஷயத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலாவது, மேலே சொன்னபடி கண்ணை அதிகமாக நம்புவதன் விளைவு. வரிசை வரிசையாக அடுக்கிய பொருட்களும் ஓடும் திரையும் "நீ நகர்கிறாய்" என்று கண்ணிடம் சொல்கின்றன, காது இல்லை என்கிறது, மூளை கண் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது இன்னும் அழகு. இத்தகைய தலைசுற்றல் உள்ளவர்களை, உடல் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் தட்டின் மேல் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணமாக நிற்கும்போது மற்றவர்களைவிட அதிகம் ஆடுகிறார்கள். ஆனால் கண்ணை மூடி, மெத்தையான பரப்பில், ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் என்று உண்மையிலேயே கடினமாக நிற்கச் சொன்னால் மற்றவர்கள் அளவுக்குத்தான் ஆடுகிறார்கள். மனக்கணக்குப் போன்ற ஒரு வேலையைக் கொடுத்தாலும் கால் தசையின் இறுக்கம் தளர்ந்து நிலை சீராகிறது. தானாக நடக்க வேண்டிய காரியத்தை நாம் குனிந்து குனிந்து கண்காணிப்பதால்தான் கெடுகிறது. அதற்காக எந்நேரமும் யாரையாவது பேச்சுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது, சரி, ஆனால் உங்கள் சமநிலைக் கருவிகள் வேலை செய்கின்றன என்பதற்கு இது நல்ல அறிகுறி.

கேள்வி: தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறேன், பலனில்லை. இப்போது மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனச்சோர்வே கிடையாது!

பதில்: உள்காதின் செய்தியை மந்தமாக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கு, வாந்தியும் சுற்றலும் தாங்காத நேரத்துக்கு உரியவை. நீண்டநாள் எடுத்தால் மூளை புதிய நிலைக்குப் பழகுவதையே தாமதப்படுத்தலாம். நீங்களாக நிறுத்தாமல் எழுதியவரிடம் கேளுங்கள்.

புதிய மாத்திரை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையாக இருக்கும். பெயர் அப்படி இருக்கிறதே தவிர, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்தத் தலைசுற்றலில் கொடுக்கிறார்கள். இந்த மாத்திரைகள், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் மேல் வேலை செய்கின்றன. சமநிலையைக் கையாளும் நரம்புப் பாதைகளிலும் அது இருக்கிறது. பலருக்குக் குறைந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருந்தாலும், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய தரமான சோதனைகள் மிகக் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கவலையை முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஆரம்பத் தாக்குதலின்போது அதிகம் பயந்து, உடலை உற்றுக் கவனித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு இது நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்திருக்கிறது. அது அவர்கள் குற்றமில்லை.

நான் முதலிடம் கொடுப்பது சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு. தலைசுற்றலைத் தூண்டும் அசைவுகளையும் காட்சிகளையும் சிறிய அளவில், தினமும், சற்றே அசௌகரியம் வரும்வரை செய்யவைப்பார். முதல் வாரங்களில் மோசமானது போலத் தோன்றலாம், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கூடவே சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையும் கிடைத்தால் நல்லது.

கேள்வி: எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பதில்: தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், முகமோ கையோ காலோ ஒரு பக்கம் பலமிழந்தால் அல்லது மரத்துப்போனால், பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை வராத மாதிரித் தலைவலி வந்தால், நினைவு தப்பினால், நெஞ்சு வலித்தால், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால். பழைய தலைசுற்றல்காரர் என்பதால் "வழக்கமானதுதான்" என்று படுத்துவிடாதீர்கள், உடனே கிளம்புங்கள், வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.