வார்ஃபரின் எடுப்பவர்கள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் ஏன் கூடுகிறது?

ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேலையைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதை மருந்து இடைவினை என்கிறோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் போதுமான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அந்த வேலையைத் தடுக்கின்றன. குழாயில் தண்ணீர் எப்போதும் போலத்தான் விழுகிறது, ஆனால் தொட்டியின் வடிகால் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். மட்டம் ஏறத்தானே செய்யும்? மாத்திரையின் அளவை மாற்றாமலேயே ரத்தத்தில் வார்ஃபரின் கூடுவது இப்படித்தான். அப்புறம், குடலில் வைட்டமின் கே தயாரிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் ஆன்டிபயாட்டிக்கால் குறையலாம். ரத்தம் உறைய அந்த வைட்டமின் தேவை. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாவிட்டால் அது இன்னும் குறையும்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. அது வார்ஃபரினை வேகமாக வெளியேற்றுவதால் ரத்தம் உறையும் அபாயம் கூடும்.

எனவே எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் வார்ஃபரின் எடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சில நாட்களில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்து வார்ஃபரின் அளவைச் சரிசெய்வார்கள். கறுப்பாக மலம் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு மாத்திரைகளுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடைவினை வயிற்றில் அல்ல, கல்லீரலில் நடப்பதால் அந்த இடைவெளி உதவாது.