அந்தமான் போகிறோம். ஸ்கூபா, ஸ்நார்க்கெலிங்குக்கு நல்ல ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்நார்க்கெலிங், மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் மிதப்பது; ஸ்கூபா, காற்றுச் சிலிண்டரோடு ஆழத்தில் இறங்குவது. 10 மீட்டரிலேயே அழுத்தம் இருமடங்காகி, நைட்ரஜன் ரத்தத்தில் கூடுதலாகக் கரையும். ராயபுரம் பெட்டிக்கடையில் கோலி சோடாவை உடைத்ததும் நுரை பொங்குமே, ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்தால் உடம்புக்குள்ளும் அப்படித்தான். ஆகவே, மெதுவாக ஏறவும் மூச்சை அடக்காமலிருக்கவும் கரையிலேயே பொறுமையாகப் பழக்குகிறாரா என்று முதலில் பாருங்கள். ஆஸ்துமா, இதய நோய் பற்றிக் கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கினால் திரும்பிவிடுங்கள். அடுத்த நாள் விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவர் விவரமானவர். மேலே பறக்கும்போதும் அழுத்தம் குறையும் என்பதால், பல முறை இறங்கியிருந்தால் கடைசியாக மேலே வந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். கடல் சரியில்லையென்றால் காசிமேட்டுப் படகுக்காரர்கூடக் கரையில்தான் நிற்பார், இவரும் நிற்க வேண்டும். அப்புறம், சிலிண்டரில் இருப்பது சுத்த ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கும் காற்றையே அழுத்தி அடைத்தது. அதில் எண்ணெய் வாடை அடித்தால் இறங்காதீர்கள்.