அறுபதும் அறுபதும் நூற்றிருபதா?

கேள்வி: ஐயா, எனக்கும் என் மைத்துனருக்கும் ஒரு பிரியாணி பந்தயம். எதிரெதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால், 120 வேகத்தில் சுவரில் மோதியதற்குச் சமம் என்கிறார் அவர். எனக்கு என்னவோ இடிக்கிறது. யார் சொல்வது சரி? (ஈரோடு வாசகர்)

பதில்: பிரியாணி உங்களுக்குத்தான். முப்பத்தொரு வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். வருடா வருடம் இந்தக் கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேர் உங்கள் மைத்துனர் பக்கம்தான் கை தூக்குவார்கள்.

ஒரே எடையுள்ள, ஒரே மாதிரிக் கார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவை முட்டிக்கொள்ளும் இடத்தில், நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு அந்தப் பக்கமும் தள்ளுவதால், வேட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். எந்தக் காரின் பானெட்டும் அதைத் தாண்டாது. உள்ளே இருப்பவருக்கு அது அசையாத சுவர்தான். அவருடைய வேகம் 60-லிருந்து பூஜ்ஜியத்துக்கு வருகிறது, அவ்வளவே. ஆற்றல் இரண்டு மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு நசுங்கவும் இரண்டு கார்கள் இருக்கின்றனவே!

120-இல் சுவரில் மோதுவது வேறு கதை. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். உயரத்தில் சொன்னால் சட்டென்று உறைக்கும். 60 வேகத்தில் மோதுவது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, கார் தலைகுப்புற விழுவதற்குச் சமம். 120 என்றால் 57 மீட்டர். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடமே சுமார் 54 மீட்டர்தான்.

மைத்துனரைத் தேற்ற ஒன்று சொல்கிறேன். எதிரே வருவது லாரி என்றால் அவர் கிட்டத்தட்ட ஜெயித்துவிடுவார். 16 டன் லாரியும் 1 டன் காரும் தலா 60-இல் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் லாரி போன திசையிலேயே சுமார் 53 வேகத்தில் நகரும். லாரிக்காரருக்கு வேகம் 7 குறைகிறது. கார்க்காரருக்கோ, முன்னால் போய்க்கொண்டிருந்த 60 போய், பின்னால் 53, மொத்தம் 113. அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் நேராகப் பட்டதும் காயின் எப்படிப் பறக்கிறது, ஸ்டிரைக்கர் எப்படி சாவகாசமாகப் பின்னாலேயே போகிறது என்று கவனியுங்கள். ஸ்டிரைக்கரின் எடை காயினைப்போல் சுமார் மூன்று மடங்குதான். இங்கே பதினாறு மடங்கு.

கேள்வி: அந்தக் காலக் கார்கள் இரும்பு. இப்போது மாடு முட்டினாலே முன்பக்கம் அப்பளமாகிறது. ஏமாற்றுகிறார்களா? (பழநி வாசகர்)

பதில்: 1986-இல் ஒட்டன்சத்திரம் பக்கம் நான் போன வாடகைக் கார், சாலையோரப் புளியமரத்தில் முட்டியது. வேகம் முப்பதுதான் இருக்கும். கெட்டி இரும்பு வண்டி. பம்பர் மட்டும் லேசாக வளைந்தது, டிங்கரிங் செலவு எண்பது ரூபாய். டேஷ்போர்டில் இடித்த என் தாடையில் ஏழு தையல். பெல்ட் என்ற பேச்சே அந்த வண்டியில் கிடையாது.

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோம் இல்லையா? காரின் முன்பக்கம் நசுங்குவதும் அதே வேலைதான். 60-இல் மோதும் கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், பெல்ட் போட்டவர் தாங்கவேண்டிய விசை சராசரியாக அவர் எடையைப்போல் 24 மடங்கு. 10 சென்டிமீட்டரில் நின்றால் 140 மடங்கு. நசுங்கட்டும் என்றே முன்பக்கத்தை அமைத்து, ஆள் உட்காரும் கூண்டைக் கெட்டியாக வைக்கும் யோசனை பேலா பாரேனி என்ற பொறியாளருடையது. 1959-இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. அதே வருடம்தான் வால்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட்டும் வந்தது. பெல்ட் போடாமல் போனால் வண்டி நசுங்கி உங்களுக்குப் பயனில்லை. அது நின்ற பிறகும் நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: பேரனை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். ஊருக்குள் 40-க்கு மேல் போவதில்லை. போதாதா? (தேனி வாசகி)

பதில்: போதாதும்மா. பேரன் 10 கிலோ என்று வைப்போம். 40-இல் போகும் கார் 40 சென்டிமீட்டருக்குள் நின்றால், அவனைப் பிடித்து நிறுத்த 155 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் திடீரென்று உங்கள் கையில் போடுவது மாதிரி. குழந்தைகளுக்கான சீட்டைப் பின் இருக்கையில் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டோடு ஒருமுறை விழுந்தேன். மேலே சின்னக் கீறல்தான். தொடர்ந்து போடலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: தலை தரையில் இடித்திருந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கத்தான் இருக்கிறது; நசுங்கினால் திரும்ப எழும்பாது, வெளியே தெரியவும் தெரியாது. புதிதாக ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். அப்படி ஓய்வு கொடுத்த என் பழைய ஹெல்மெட்டில் இப்போது மணி பிளான்ட் வளர்கிறது.