ஆங்கிலிக்கன் பிளவும் மதுரைச் சபைகளும்

கேள்வி: அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையிலிருந்து பலர் பிரிந்து தனிச் சபை அமைத்திருக்கிறார்கள் என்று அங்கே வசிக்கும் என் தம்பி சொல்கிறான். தன்பால் ஈர்ப்புடைய ஒருவரைப் பேராயராக்கியதுதான் காரணமா? இங்கிலாந்துச் சபை மரபில் வந்த உலகச் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் நம் தென்னிந்தியத் திருச்சபையும் இருப்பதால், இங்கும் அப்படிப் பிளவு வருமா? அவன் எந்தச் சபையில் திருவிருந்து எடுப்பது?
— வாசகி ஒருவர், பசுமலை

பதில்: 2003-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஜீன் ராபின்சன் பேராயராக்கப்பட்டபோது பிளவு வெளிப்படையானது என்பது உண்மை, ஆனால் அது அன்றைக்குத் தொடங்கியதல்ல. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க 1976-இல் அச்சபையின் பொது மாநாடு இசைந்ததும், 1979-இல் ஜெப நூல் திருத்தப்பட்டதும் முன்னரே பலரை வெளியேறச் செய்திருந்தன. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்று 1998-இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு தீர்மானித்தது. எனினும் அத்தீர்மானங்கள் எந்த நாட்டுச் சபையையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை, இங்கிலாந்துச் சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயருக்குப் போப்பாண்டவரின் அதிகாரமும் கிடையாது. ஆகவே, வேதத்தின் பொருளை முடிவாகச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்பதே இந்தச் சண்டையின் வேர் என்று நான் கருதுகிறேன். 2009-இல் பிரிந்தவர்கள் வட அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையை அமைத்தார்கள்; கேன்டர்பரி அதை ஐக்கியத்தின் உறுப்பாக ஏற்கவில்லை, நைஜீரியா, உகாண்டா முதலிய நாடுகளின் சபைகள் ஏற்றுக்கொண்டன. ஆலயக் கட்டடங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தன.

நம் ஊர் நிலையை விளங்கிக்கொள்ள இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1834 முதல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன், அந்தந்தச் சபையாரே தங்கள் காரியங்களை நடத்திக்கொள்ளும் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. பேராயர் என்ற பதவியே அதில் இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் (மதுரை மிஷன் சபைகள் இதில் இருந்தன) தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்த பிறகே மதுரைக்குப் பேராயர் வந்தார். முதலில் வந்தவர் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனரியான லெஸ்லி நியூபிகின். பேராயரின் கை வைப்பு இல்லாமல் பட்டம் பெற்றிருந்த நம் போதகர்களை மறுபட்டம் கேட்காமல் அப்படியே ஏற்பது என்று அந்த ஒன்றிணைப்பில் முடிவானது. ஆங்கிலிக்கன் சபைக்குள் கத்தோலிக்க மரபைப் போற்றும் இங்கிலாந்தின் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1948 லாம்பெத் மாநாடு புதிய சபையுடன் முழு ஐக்கியம் கொள்ள இசையவில்லை. இதில் சேர்ந்த ஆங்கிலிக்கன் பேராயங்கள் ஆங்கிலிக்கன் ஐக்கியத்துக்கு வெளியே போக நேர்ந்தது. திரும்ப இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மதுரையின் போதகர்கள் பெற்ற பட்டம் செல்லுமா என்று தொலைவில் இருந்தவர்கள் விவாதித்த காலம் அது என்பதை நம் சபையாரில் பலர் இன்று அறியாமலிருப்பது எனக்கு வருத்தமே. அக்காலத்தில் ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்களில் ஒரு பெரும் சாரார் ஒன்றிணைப்பில் சேராமல் விலகி நின்றார்கள்; அதே நந்தியாலுக்குத்தான் 2013-இல் புஷ்பா லலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக நியமிக்கப்பட்டார்.

இங்கும் பிளவு வருமா என்றால், அமெரிக்கச் சபையின் முடிவோ இங்கிலாந்துச் சபையின் முடிவோ நம்மைக் கட்டுப்படுத்தாது. நமக்கு நம் திருச்சபையின் உயர் மன்றமான சினோடே தீர்மானிக்கிறது. திருமணம் பற்றி நம்மிடையேயும் கருத்து வேறுபாடு எழலாம். ஒரே மாதிரியான பட்டமோ வழிபாட்டு முறையோ இல்லாதவர்கள் முதலில் ஒரே பந்தியில் அமர்ந்து, வேறுபாடுகளைப் பிறகு பேசித் தீர்த்த வரலாறு நமக்கு இருப்பதால், அந்த வேறுபாட்டைப் பிரிவினை இல்லாமல் சுமக்க நம்மால் முடியும் என்றே நம்புகிறேன்.

உங்கள் தம்பி எபிஸ்கோப்பல் சபையில் தயக்கமின்றித் திருவிருந்தில் பங்கு பெறலாம். அச்சபையும் நாமும் ஒரே ஐக்கியத்தில் இருக்கிறோம். பிரிந்து சென்ற சபையிலும் ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாரைப் பொதுவாக ஏற்கிறார்கள். எங்கே நிலையாகச் சேர்வது என்பதை அவர் முடிவுசெய்யட்டும். அதற்கு முன் இரு சபைகளின் குருமாரையும் நேரில் சந்தித்துப் பேசச் சொல்லுங்கள். பசுமலையில் உங்கள் போதகரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி அனுப்பினால் அவருக்கு உதவியாக இருக்கும்.