ஆடிப்பெருக்கன்று பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாமா?

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். இந்த ஆடிப் பதினெட்டுக்கு 72 வயதான என் அம்மாவையும், 7, 11 வயதுப் பிள்ளைகளையும் காலையில் காவிரிக்கும் மாலையில் பூம்புகார் கடற்கரைக்கும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் தண்ணீரில் ஆடியே தீர வேண்டும் என்கிறார்கள். எங்கே, எவ்வளவு தூரம் இறங்க விடலாம்?

பதில்: நீச்சல் தெரியாத பிள்ளைகளை அன்று காவிரியில் இறக்காதீர்கள். படித்துறையின் மேல்படியில் நிற்க வைத்து, செம்பில் மொண்டு தலையில் ஊற்றுங்கள். பூம்புகாரில் கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும் என்பதை அறிவேன். அவர்கள் ஆசை தீரக் குளிப்பதற்கு நம் பகுதியிலேயே வேறோர் இடம் இருக்கிறது. காரணத்தை விளக்கிவிட்டு அதற்கு வருகிறேன்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. அந்த நீர் ஏறத்தாழ மூன்று நாளில் கல்லணையை எட்டி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடப்படுகிறது. வெள்ளம் மிகுந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் உபரி நீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவதால், உங்கள் ஊர்க் காவிரி எளிதில் கரைபுரளுவதில்லை. ஆனால் அளவோடு விடப்படும் நீர் என்பதாலேயே அது ஆபத்தற்றதாகிவிடாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் புதுப்புனலுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. வண்டல் கலந்து கலங்கி வரும் நீரில், காலடியில் இருப்பது படியா பள்ளமா என்று கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. விரைந்தோடும் நீர் முழங்கால் உயரம் இருந்தாலே ஏழு வயதுப் பிள்ளையைச் சாய்த்துவிடும். நீருக்குள் சில வாரம் மூழ்கிய படிகளில் பாசியும் பிடித்திருக்கும். மதகுகளுக்குக் கீழே நீர் சுழன்று விழும் இடங்களுக்கும், கொள்ளிடத்துக்கும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அன்று போகக் கூடாது.

நாளிதழ்களில் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் திறப்பும் நாள்தோறும் வெளியாகின்றன. பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே திறப்பு எத்தனை கன அடி என்பதைப் பார்த்து வாருங்கள். அது திடீரென்று கூடினால் நீங்கள் படித்துறையில் நிற்கும் நாளில் ஆறும் ஏறக்கூடும். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்திருந்தால் வழிபாட்டைக் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்; காவிரியன்னைக்கு அதில் குறை ஏதும் இல்லை.

பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை போன்ற கட்டிய படித்துறையைத் தேர்ந்தெடுங்கள். மண்கரைச் சரிவு வேண்டாம். கூட்டம் சேருவதற்கு முன், விடியற்காலையிலேயே போய்விடுவது நல்லது. அம்மா மேல்படியில் உட்கார்ந்தபடியே மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைக்கலாம். ஆற்றில் விட வேண்டியதை நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் எடுத்துச் சென்று விடட்டும். பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு சப்பரம் செய்து கொடுத்துவிடுங்கள். அதைத் தெருவிலிருந்து ஆற்றங்கரை வரை இழுத்து வரும் மகிழ்ச்சி இன்று பல வீடுகளில் மறைந்து வருவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. இழுத்துக் களைத்த பிள்ளைகள் கரையில் அமர்ந்து புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கேட்பார்களே தவிர, ஆற்றைக் கேட்டு அடம்பிடிப்பது குறையும்.

குளிப்பதற்கு நான் சொல்ல வந்த இடம், உறவினர் வயலில் உள்ள பம்புசெட்டுத் தொட்டி. சின்னவனின் இடுப்புக்கு மேல் நீர் நிற்காத தொட்டியாகப் பார்த்து, மோட்டார் கொட்டகையையும் மின்கம்பிகளையும் பிள்ளைகள் நெருங்காதபடி ஒருவர் உடன் நின்றால், அரை நாள் ஆடினாலும் கவலையில்லை.

கரைக்குப் போகும்போது, காலியான ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் நீளமான கயிறு கட்டி எடுத்துச் செல்லுங்கள். யாரேனும் தவறி விழுந்தால், பின்னால் குதிக்காமல் அதை எறிந்து இழுக்க வேண்டும்; கேன் இல்லாவிட்டால் சேலையை வீசலாம். மீட்கப்பட்டவர் மூச்சு விடாவிட்டால் தலைகீழாகத் தூக்குவதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது; 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பழகியவர் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

பூம்புகாரில் வெயில் தாழும்வரை சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் இருங்கள். ஏழுநிலை மாடமாக எழுப்பி 1973-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், கண்ணகியின் கதையைச் சிற்பங்களைக் காட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். நான்கு மணிக்கு மேல் கடற்கரைக்கு வாருங்கள். காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தையும், அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களின் ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும். வரிசையாக நுரைத்து வரும் அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், புதியவர்கள் அதையே நல்ல இடம் என்று நினைப்பார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழியாக அது இருக்கக்கூடும் என்பதால் அங்கேதான் கால் வைக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் அந்த மேல்காற்று நம் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எனவே காற்றடைத்த பந்தும் மிதவையும் வீட்டிலேயே இருக்கட்டும். பந்து கடலுக்குள் உருண்டால் பிள்ளை அதன் பின்னால் ஓடும். ஈர மணலில் வீடு கட்டி விளையாட இரண்டு கொட்டாங்குச்சிகள் போதும். கிழக்கு பார்த்த கரையாதலால் சூரியன் உங்களுக்குப் பின்புறம் மறையும், கடல்பக்கம் சீக்கிரமே இருண்டுவிடும். ஆகவே ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகளின் கால் மணலைக் கழுவி வண்டியில் ஏற்றிவிடுங்கள்.