தட்டுக்கும் பறவைக்கும் ஒரே துப்பாக்கி

கேள்வி: பறவை வேட்டைக்கும், வார இறுதியில் மைதானத்தில் வீசிப் பறக்கவிடும் களிமண் தட்டு சுடவும் சேர்த்து ஒரே ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். உரிமம் கையில் இருக்கிறது. ஒரு முறை வாங்கினால் என் காலம் முழுக்க உழைக்க வேண்டும். கடையில் மூன்று துப்பாக்கிகளைப் பார்த்தேன். முதலாவது புதியது, பளபளவென்று இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது பெயர்பெற்ற தயாரிப்பு, ஒருவர் உபயோகித்துக் கொடுத்தது. இவை இரண்டிலும் குழல்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. மூன்றாவதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழங்காலத்துச் சாமான், அழகோ அழகு. எதை எடுப்பது?

பதில்: வருஷத்துக்கு எத்தனை தோட்டா செலவாகும் என்று முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வேட்டைப் பருவத்தில் நன்றாகச் சுற்றுகிறவருக்கே இருநூறு, முந்நூறைத் தாண்டினால் பெரிது. தட்டு அப்படியில்லை. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. மைதானத்துக்குப் போனவர் நாலு சுற்றாவது சுடாமல் வீடு திரும்புவது அபூர்வம். வாரம் 100 என்றால் வருஷத்துக்கு 5,000, பத்து வருஷத்தில் 50,000. மனசுக்குள் அது வேட்டைத் துப்பாக்கியாக இருக்கலாம். அதன் ஆயுளைத் தின்னப்போவது தட்டுதான். (தட்டில் களிமண்ணே கிடையாது என்பது வேறு கதை. சுண்ணாம்புக்கல் பொடியைத் தார் போன்ற பிசினில் குழைத்து வார்க்கிறார்கள்.)

சரி, 50,000 தோட்டாவில் எது தேயும்? பலரும் குழலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இப்போதைய தோட்டாக்களில் பெரும்பாலும் ரவைகள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்தபடிதான் குழலைக் கடக்கின்றன. அதனால் குழல் லேசில் தேயாது. இரட்டைக் குழல் துப்பாக்கியை ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மடங்கும் இடத்தில் கீல், மூடும் இடத்தில் தாழ்ப்பாள். தோட்டா வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ அந்தக் கதவை உள்ளிருந்து எட்டி உதைக்கிறார்கள். தேய்மானம் முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான். அப்புறம் ஸ்பிரிங்கும், தோட்டாவைக் குத்தும் ஊசியும்.

ஆகவே "எது தேயாது?" என்று கேட்காதீர்கள், எல்லாம் தேயும். "தேய்ந்தால் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். பெரெட்டா 680 வரிசை, பிரௌனிங் என்ற இரண்டு தயாரிப்புகளையும் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். பெரெட்டாவில் குழல்கள் இரு பக்கமும் இரண்டு குட்டைக் கீல் முளைகளில் தொங்குகின்றன; மேல் குழலின் இரு புறமும் கூம்பு வடிவத்தில் இரண்டு தாழ்கள் பூட்டுகின்றன. முளையும் தேயும், தாழும் தேயும். அப்போது கொஞ்சம் பெரிய அளவில் புதிய பாகத்தைப் போட்டு மறுபடி இறுக்கிவிடலாம். பிரௌனிங் வேறு வழி. ஜான் பிரௌனிங் 1926-இல் இறந்தார். அவர் கடைசியாக வடிவமைத்த சூப்பர்போஸ்டு 1931-இல் விற்பனைக்கு வந்தது. அடிப்பக்கம் முழுக்க அகலமாக ஒரே கீல் தண்டு, கீழே தட்டையான அகலத் தாழ். ஜப்பானில் மிரோகு ஆலை செய்துதரும் சிட்டோரி போன்றவை அந்த வழியில் வந்தவைதான். தாழ் சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பெரெட்டாவின் உடல் மெலிது, பிரௌனிங்குடையது சற்றுத் தடிமன். கைக்கு எது பிடிக்கிறதோ அது.

பெயர் தெரியாத புதியது மோசம் என்று சொல்ல மாட்டேன். வேட்டைக்கு மட்டும் என்றால் அது பேரனுக்கும் மிஞ்சும். ஆனால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: ஊசி உடைந்தால் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா, அலமாரியைத் திறந்து காட்டுவீர்களா? "வரவழைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தால், பணம் இன்னும் உங்கள் பையில் இருக்கும்போதே நகர்ந்துவிடுவது நல்லது.

அழகான மூன்றாவதைத் தட்டுக்கு எடுக்காதீர்கள். குழல்கள் பக்கவாட்டில் இருப்பது குறையல்ல; வேட்டையில் அதைத் தூக்கி நடப்பதும் திறந்து தோட்டா போடுவதும் சுகம். வயசுதான் பிரச்சினை. தோட்டா உட்காரும் அறையின் நீளம் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ.; இன்றைய தோட்டா 70 அல்லது 76 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், தோட்டாவின் நீளத்தை அது வெடித்து வாய் விரிந்த பிறகுதான் அளக்கிறார்கள். அதனால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் மேல் நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிப் பற்றவைத்தது. குழல்களுக்கு அடியில் உள்ள சோதனை முத்திரைகளைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் வாசித்துச் சொல்லாமல் அதில் எந்தத் தோட்டாவும் போடக் கூடாது.

ஈயத்துக்குப் பதிலாகப் போடும் இரும்பு ரவை விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் சதுப்பு நிலங்களில் தடை. இரும்பு ரவை ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. பழைய இறுக்கமான குழல் முனையில் போனால் குழலையே புடைக்க வைக்கும். புதிய துப்பாக்கியில் லில்லிப் பூ வடிவ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதிக வேக இரும்புத் தோட்டாவுக்குச் சோதித்தது என்பதற்கு ஐரோப்பாவில் அதுதான் அடையாளம்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கையில் எடுத்ததும் திறந்து, இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுப் பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். அதிலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். மூடிப் பிடித்துக் குழலை அசையுங்கள். லேசாக "டக் டக்" என்றாலும் கீல் தளர்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, குழல்களின் பின்முனைக்கும் உடலுக்கும் நடுவே கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். திறக்கும் நெம்பு புதிதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். நடுவுக்கு வந்திருந்தால் உழைத்த துப்பாக்கி, அவ்வளவுதான். இடப்புறம் தாண்டியிருந்தால் பழுதுபார்க்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். குழலுக்குள் ஒளியைப் பார்க்கும்போது வளையமாக நிழல் விழுந்தால் உள்ளே புடைப்போ நெளிவோ இருக்கிறது. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. நான் முதலில் பார்ப்பதே அந்தத் திருகுகளைத்தான்.

எடையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்கத் தோளில் சுமக்க 3 கிலோவே அதிகம், தட்டுக்கோ 3.5 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் உதையும் குறையும், வீச்சும் நிதானப்படும். உங்கள் தோட்டாக் கணக்கின்படி பார்த்தால் தட்டின் பக்கம் சாய்வதுதான் நியாயம்: 12 கேஜ் (குழலின் உள் அளவு; எண் கூடினால் குழல் சிறிது), 30 அங்குலக் குழல், 3.3 கிலோ சுமார், முனையில் மாற்றிக்கொள்ளும் சோக் (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையைக் குறுக்கும் குழாய்). 'டிராப்' என்று தனியாக விற்பதை எடுக்காதீர்கள். எழும்பிப் போகும் தட்டுக்காகவே அது குறியைவிட மேலே சுடும்படி அமைந்திருக்கும். இறங்கி வரும் பறவைக்கு உதவாது. 'ஸ்போர்ட்டிங்' வகை போதும். சோக்கில் ஒரு குழலுக்குக் கால், மற்றதுக்கு அரை போட்டுவிட்டு, மறந்துவிடுங்கள். சுற்றுக்கு ஒரு சோக் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; தவறவிட்ட தட்டுக்குக் காரணம் தேடுகிறார்கள், பாவம்.

பணம் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று. காலி என்று உறுதி செய்த துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் திறவுங்கள். முனையிலுள்ள குண்டுமணியும் அதற்கு முன்னால், குழலின் மேல் ஓடும் ரிப் பட்டை கொஞ்சமும் நேர்கோட்டில் தெரிய வேண்டும். நான் ஒரு தடவை வாதுமைக் கட்டையின் ரேகையில் மயங்கி ஒன்றை வாங்கினேன். கன்னம் படும் இடம் எனக்குத் தாழ்வு. ஒரு பருவம் முழுக்க எல்லாவற்றுக்கும் கீழேயே சுட்டேன். கட்டையைச் சரிசெய்து வாங்க இன்னொரு செலவு.

கேள்வி: முதல் தோட்டா 'கிளிக்' என்று மட்டும் சொன்னது, வெடிக்கவில்லை. உடனே இரண்டாவது குழலுக்கு விசையை அழுத்தினால் அது செத்துக்கிடக்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. உங்களுடையது ஒற்றை விசை, அதுவும் உதையால் மாறும் வகை. முதல் குண்டின் உதைதான் விசையை அடுத்த குழலுக்குத் தள்ளிவிடும். வெடிக்கவில்லை என்றால் உதை இல்லை, விசையும் மாறாது. உதையை எதிர்பார்க்காமல் தானே மாறும் இயந்திர வகையும் உண்டு. தோட்டாவின் அடியில் குத்து ஊசியின் தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள், மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங்கை. ஒன்று மட்டும்: கிளிக் என்றதும் திறந்துவிடாதீர்கள். முனையை ஆபத்தில்லாத பக்கம் நீட்டி அரை நிமிஷமாவது அப்படியே நில்லுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிடச் சோப்ளாங்கியாகக் கேட்டால், அடுத்ததைச் சுடும் முன் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: வீட்டில் 12 கேஜ், 20 கேஜ் இரண்டும் இருக்கின்றன. தோட்டாவை ஒரே பையில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறையில் நிற்காமல் வழுக்கி உள்ளே போய், குழலில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவும் போட முடியும். சுட்டால் இடது கை இருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நிறத்தை நம்பிக்கொண்டும் இருக்காதீர்கள். பையும் வேறு, போகும் நாளும் வேறாக இருக்கட்டும்.

கேள்வி: பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: கீலிலும் தாழ் உரசும் இடத்திலும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் பொட்டு அளவு புதிது வையுங்கள், மணல் சேர்ந்த கிரீஸ் அரம் மாதிரி அரைக்கும். சோக்கைக் கழற்றி மரையைத் துடைத்து மாட்டாவிட்டால் ஒரு நாள் கழலவே கழலாது. மழையில் நனைந்தால் அன்றிரவே துடைத்து எண்ணெய் போடுங்கள். குழலை முனை கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் கட்டைக்குள் ஊறி அதை இற்றுப்போக வைக்காது. ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டுமானால் போலித் தோட்டா போட்டு விசையை அழுத்துங்கள். மூடும்போது சினிமாவில் காட்டுவதுபோல மணிக்கட்டை வெட்டி அறையாதீர்கள். இரண்டு கையாலும் மூடுங்கள்.